கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. திருக்கடலூரில் இருக்கிறோம். முன்பு கடலுக்குப் போனவர், இப்போது கரையில் இருந்து வலை திருத்துகிறார். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம் இருக்கிறது. குடிப்பழக்கம் இல்லை. மூன்று நாலு மாதமாக அவருக்கு வயிறு முன்னுக்கு வருகிறது. ஆனால் கையும் முகமும் மெலிந்துவிட்டன. பின்னேரமானால் கால் வீங்குகிறது. இரவில் உடம்பு கடிக்கிறது என்று சொறிகிறார். பகலில் தூங்குகிறார், இரவில் முழித்திருக்கிறார். வழமையான குளிசைதான் போடுகிறார், ஆனாலும் சில நாள் சீனி சட்டென்று இறங்கிவிடுகிறது. அயலில் ஒருவர் ஈரலைப் பரிசோதிக்கச் சொன்னார். மாமியோ, "குடிக்காதவனுக்கு ஏது ஈரல் வருத்தம்? கண்ணும் வெள்ளையாத்தானே இருக்கு" என்கிறார். இப்போதைக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கிறோம். முழங்கால் வலிக்கு பாமசியில் வாங்கிய குளிசையும் போடுகிறார். நான் பயப்பட வேண்டுமா?
ஒரு வாசகி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் அயலவர் சொன்னது சரி. கணவரை இந்தக் கிழமைக்குள் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். கடிதத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. இதயம் பலவீனமானாலும் சிறுநீரகம் பழுதானாலும் காலும் வயிறும் வீங்கும். இதயக் கோளாறு என்றால் மல்லாந்து படுக்க மூச்சு முட்டும். சிறுநீரகம் என்றால் பெரும்பாலும் காலையில் எழும்போது முகமும் கண்ணிமையும் ஊதியிருக்கும். உங்கள் கடிதத்தில் இவை இரண்டும் இல்லை. வயிறு பெருக்க, கை மெலிய, தூக்கம் தலைகீழாக, சீனி இறங்க, உடம்பு கடிக்க என்று நீங்கள் எழுதியவை எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் பெரும்பாலும் கல்லீரல்தான்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அவர் இரத்தமாகச் சத்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு போனாலோ, பேச்சுக் குழறினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் தடுமாறினாலோ, வீங்கிய வயிற்றோடு காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தடுமாற்றம் என்றால், அம்புலன்ஸ் வரும் வரைக்கும் வீட்டில் இருக்கும் மெஷினில் சீனியைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இனி மாமி சொன்ன இரண்டு காரணங்களுக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. திருகோணமலையில் நான் பார்க்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே இரண்டையும் நம்பித்தான் மாதக்கணக்கில் பொறுத்திருக்கிறார்கள்.

கண் வெள்ளையாக இருப்பது ஈரல் நலமாக இருப்பதற்கு அத்தாட்சி இல்லை. வலது விலா எலும்புக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையோடு கிடக்கும் இந்த உறுப்பு, தன் தேவைக்கும் கூடுதலான பலத்தைச் சேமிப்பில் வைத்திருக்கிறது. அதன் உள்ளே வலி உணரும் நரம்பும் இல்லை, மேலே மூடியிருக்கும் உறையில் மட்டும்தான் உண்டு. அதனால் பல வருடமாகத் தழும்பு ஏறி ஏறி ஈரல் இறுகினாலும் வலி வராது, கண்ணும் மஞ்சளாகாது. அப்படி இறுகிய நிலையைத்தான் சிரோசிஸ் என்கிறோம். மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின் என்ற பொருள் இரத்தத்தில் டெசிலீட்டருக்குச் சாதாரணமாக 1 மில்லிகிராம் அளவில் இருக்கும், அது 2, 3 என்று ஏறிய பிறகுதான் கண்ணில் நிறம் தெரியும். அதையும் இரவில், மின்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் தவறவிடுவோம். பகல் வெளிச்சத்தில் வாசலில் நிற்க வைத்து, கீழே பார்க்கச் சொல்லி, மேலிமையை உயர்த்தி வெள்ளைவிழியின் மேல்பகுதியைப் பாருங்கள். பப்பாசி, கரட் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு உள்ளங்கை மஞ்சளாகும், ஆனால் கண் வெள்ளையாகவே இருக்கும். அது நோய் இல்லை.

திடீரென்று கண் மஞ்சளாவது வேறு கதை. அழுக்கான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ என்ற ஈரல் தொற்று, பித்தக்கல் அடைப்பு, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலில் இறங்குவோருக்கு வரும் எலிக்காய்ச்சல் எல்லாம் நாட்கணக்கில் கண்ணை மஞ்சளாக்கிவிடும். வயல்வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் கணவருக்கு வந்திருப்பது இந்த வகை அல்ல, மெதுவாக வந்த வகை. மெதுவாக வரும் நோயில் மஞ்சள் நிறம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

அடுத்தது குடி. சாராயமும் கசிப்பும் ஈரலைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரு வழிதான். இன்றைக்கு எங்கள் நாட்டில் குடிக்காதவர்களின் ஈரலைக் கெடுக்கும் பெரிய காரணம், அதில் படியும் கொழுப்பு. சீனி வருத்தம், வயிற்றுப் பருமன், கொலஸ்ட்ரோல் உள்ளவர்களுக்கு இது சத்தமில்லாமல் வருகிறது. ராகமவில் 35 முதல் 64 வயது வரையானவர்களைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. அவர்கள் எல்லோருக்கும் ஈரல் இறுகிவிடாது, சிலருக்குத்தான் அப்படி ஆகும். பல வருடம் சீனி வருத்தம் உள்ளவர்கள் அந்தச் சிலரில் ஒருவராகும் வாய்ப்பு அதிகம். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் காரணமாகலாம். ஹெபடைடிஸ் பி ஊசி 2003இல்தான் எங்கள் குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்தது, உங்கள் கணவரின் வயதினருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஈரல் வருத்தம் என்றாலே "குடிகாரன்" என்று ஊர் சொல்லிவிடும் என்ற வெட்கத்தில் ஸ்கானுக்கே போகாத குடும்பங்களை நான் அறிவேன். குடிக்காத மனிதர் அந்தப் பேச்சுக்குப் பயந்து வைத்தியத்தை இழப்பது எனக்குப் பெரிய வேதனை. குடித்தவராக இருந்தாலும் வைத்தியம் பெற அவருக்கும் அதே உரிமைதான்.

சரி, நீங்கள் வீட்டில் எதைப் பார்க்கலாம்? வயிற்றில் இருப்பது கொழுப்பா நீரா என்பது முதல் கேள்வி. கொழுப்பு என்றால் கை, கன்னம், தொடை எல்லாம் கூடவே பருக்கும். நீர் என்றால் சாரத்தைக் கட்டும் இடம் மாதத்துக்கு மாதம் மாறும், தொப்புள் வெளியே தள்ளும், ஆனால் நெற்றிப்பொட்டும் தோள்பட்டையும் குழிவிழும். தராசில் எடை கூடியதாகக் காட்டும், அதைப் பார்த்துப் பலர் "உடம்பு தேறிவிட்டது" என்று மகிழ்ந்துபோகிறார்கள். இறுகிய ஈரலுக்குள் இரத்தம் லேசில் நுழைய முடியாமல் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. நீரை இரத்தக்குழாய்க்குள் பிடித்துவைக்கும் அல்பியூமின் என்ற புரதத்தையும் ஈரல் போதிய அளவு செய்வதில்லை. சிறுநீரகமோ உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயிற்றிலும் காலிலும் நீர் சேர்வது இப்படித்தான்.

கடியைப் பற்றி: ஈரலால் வரும் கடிக்குத் தோலில் தடிப்போ பருவோ முதலில் இருக்காது. சொறிந்த கீறல்தான் இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், இரவில்தான் அதிகம். இதோடு சலம் பிளேன்டீ நிறத்தில் போய், மலம் வெளிறிக் களிமண் நிறமானால் பித்தம் வழியில் தடைப்படுகிறது என்று பொருள். அதைக் கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நெஞ்சிலும் தோளிலும் சிவந்த புள்ளியும் அதைச் சுற்றி மெல்லிய கால்களும் கொண்ட குட்டிச் சிலந்தி மாதிரியான அடையாளம் இருக்கிறதா பாருங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் மறைந்து, விட்டதும் நடுவில் இருந்து வெளிநோக்கிச் சிவக்கும். கறுத்த தோலில் இது லேசில் தெரியாது, வெளிச்சத்தில் தேட வேண்டும். உள்ளங்கை ஓரம் சிவந்திருப்பது, ஆண்களுக்கு மார்பு பெருப்பது, பல் துலக்கும்போது இரத்தம் வருவது, லேசாக இடிபட்டாலும் நீலம் பாய்வது எல்லாம் இதே வரிசையில் வருபவை. இரத்தம் உறைவதற்கான பொருட்களையும் ஈரல்தான் செய்கிறது.

நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது வயிறு அல்ல, தூக்கம். பகல் தூக்கமும் இரவு முழிப்பும் வயதாவதாலோ வேலை குறைந்ததாலோ என்று எல்லோரும் நினைப்பார்கள். குடலில் உண்டாகும் அமோனியா போன்ற கழிவை ஈரல் சுத்தம் செய்யாமல் விட்டால் அது மூளையைத் தொடும், அதன் முதல் அடையாளங்களில் ஒன்று இந்தத் தூக்க மாற்றம். அடுத்தது, பழகிய வேலையில் பிசகு. காலங்காலமாகப் போட்ட வலை முடிச்சில் தவறு விடுகிறாரா? கையெழுத்துக் கோணுகிறதா? நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் முன்பைவிடத் திணறுகிறாரா? காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா? இரண்டு கையையும் முன்னே நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரலை விரித்து 15 வினாடி வைக்கச் சொல்லுங்கள். கை இடையிடையே தளர்ந்து விழுந்து எழும்பினால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். மலச்சிக்கல் இதைக் கூட்டிவிடும். தூக்கம் வரவில்லை என்று தூக்கக் குளிசை கொடுத்தால் ஆளே மயங்கிப் போகலாம், அது வேண்டவே வேண்டாம். நல்ல விடயம், இந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் மருந்தால் திருப்பிக் கொண்டுவரலாம். லக்டுலோஸ் என்ற இனிப்புப் பாணி இதற்கு வழமையாகக் கொடுக்கும் மருந்துதான்.

சீனி இறங்குவதைப் பலர் "வருத்தம் மாறுகிறது" என்று எடுத்துக்கொள்வார்கள். ஈரல்தான் இரவில் எங்களுக்குச் சீனியைச் சேமித்து வைத்துக் கொடுப்பது. அந்தச் சேமிப்புப் போனால், நேற்று வரை பொருந்திய குளிசை இன்றைக்கு அளவுக்கு மிஞ்சியதாகிவிடும். இதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

பழைய இரத்த ரிப்போர்ட்களைத் தேடி எடுங்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதில் இருந்து எங்கள் மாவட்டத்தில் பிளேட்லட் என்ற சொல்லைத் தெரியாதவர் இல்லை. டெங்குவில் அது விழுந்து ஒரு கிழமை பத்து நாளில் ஏறிவிடும். காய்ச்சல் இல்லாத காலத்திலும் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழேயே மாதக்கணக்கில் நிற்கிறதென்றால், ஈரல் இறுகி, மண்ணீரல் பெருத்து அதைப் பிடித்து வைத்திருக்கலாம். மலிவான இந்த இரத்தப் பரிசோதனையில் இருக்கும் தகவலைப் பல வருடம் யாரும் கவனிக்காமல் விட்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஈரல் பரிசோதனை என்று எல்லோரும் செய்யும் எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தாலும் ஈரல் இறுகியிருக்கலாம். அந்த ஒரு எண்ணைப் பார்த்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

இன்றைக்கே நிறுத்த வேண்டியவை இரண்டு. ஒன்று, முழங்கால் குளிசை. பாமசியில் வாங்கியது டைக்ளோபெனாக், இபுபுரூபன், மெபனமிக் அசிட் வகையாக இருந்தால், வயிற்றில் நீர் சேர்ந்தவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தக்கசிவையும் வரவழைக்கும். "பனடோல்தான் ஈரலுக்குக் கூடாது" என்று பயந்து இந்தக் குளிசைக்கு மாறுபவர்கள் ஏராளம். இவர் நிலையில் 500 மில்லிகிராம் பனடோல் நாளுக்கு நான்குக்கு மேற்படாமல் போடுவது இந்தக் குளிசைகளைவிடப் பாதுகாப்பானது. இரண்டாவது, கீழ்க்காய்நெல்லி. நீங்கள் அன்போடுதான் அரைத்துக் கொடுக்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் தழும்பு ஏறிய ஈரலை அது திருப்பிச் சரியாக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அதை நம்பி நாள் போவதுதான் என் பெரிய பயம். வேறு சூரணம், கசாயம், புதிதாக வந்த மூலிகைக் குளிசை எதையும் சேர்க்க வேண்டாம், சீந்தில் உட்பட சில மூலிகைகளே ஈரலைத் தாக்கியதாகப் பதிவுகள் உண்டு. சீனி, பிரஷர் குளிசைகளை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள். கருவாடு, மாசி, ஊறுகாய், பக்கற் சூப் வேண்டாம். எங்கள் ஊரில் இது கஷ்டம்தான். ஆனால் நல்ல மீன் கிடைக்கும் ஊரும் இதுதானே. மீன், முட்டை, பருப்பைப் பத்தியம் என்று நிறுத்திவிட்டு வெறும் சோறும் அவித்த மரக்கறியும் கொடுப்பது பெரிய தவறு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 70 கிராம் புரதமாவது வேண்டும், நூறு கிராம் மீனில் அதில் 20 கிராம் அளவு கிடைத்துவிடும். படுக்கப் போகும் முன் பாணோ பிஸ்கட்டோ பாலோ கொஞ்சம் கொடுங்கள். இரவு முழுக்க வெறுவயிறாக இருந்தால் உடம்பு தசையைக் கரைத்துத்தான் சக்தி எடுக்கும். கரையில் வேலை செய்பவர் என்பதால் இன்னொன்று: மட்டி, சிப்பி, நண்டு எதையும் அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. காலில் காயம் இருந்தால் கடல் தண்ணீரில் இறங்கவும் கூடாது. கடலில் இருக்கும் ஒருவகைக் கிருமி, ஈரல் பலவீனமானவரை ஓரிரு நாளில் ஆபத்தில் தள்ளிவிடும்.

எங்கே போவது? மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு உங்களுக்குக் கிட்ட இருக்கிறது. சீனி கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட், போடும் எல்லாக் குளிசைப் பெட்டியும், மூலிகைப் போத்தலும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். வைத்தியரிடம் "வயிறு வீங்குது" என்று மட்டும் சொல்லாமல் தூக்கம் மாறியதையும் சீனி இறங்குவதையும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை, ஸ்கான், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை செய்வார்கள். உணவுக்குழாயில் இரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று பிறகு கமராவால் பார்க்கச் சொல்லலாம். வெடிக்கும் முன் கண்டால் மருந்தாலோ வளையம் போட்டோ தடுக்கலாம். வயிற்று நீரை ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். "நீர் எடுத்தால் ஆள் தப்பாது" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்த நீரில் கிருமி பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் விடுவதுதான் உயிருக்கு ஆபத்து.

அவர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் ஈரல் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். சீனி இறங்குகிறது, குளிசையின் அளவைச் சரிபார்க்க வேண்டும் என்று கூப்பிடுங்கள். அதுவும் உண்மைதானே. மாமியையும் கூட்டிப் போவது நல்லது, அவர் நேரில் கேட்டால் வீட்டில் அரைவாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காரணம் ஹெபடைடிஸ் பி என்று வந்தால் நீங்களும் பிள்ளைகளும் இரத்தம் சோதிக்க வேண்டும், கிருமி இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ளலாம். காரணம் கொழுப்பு என்று வந்தால், அவருடைய சகோதரர்களில் சீனியும் வயிறும் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் இலவசமாகச் சீனியும் பிரஷரும் பார்க்கலாம். ஈரல் இறுகும் முன்னர் உடம்பு எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்தால் படிந்த கொழுப்பும் வீக்கமும் இறங்கும், ஆரம்பத் தழும்புகூடக் குறையலாம். உங்கள் கணவருக்கு இப்போது எடை குறைப்பது பொருந்தாது, அதை அவர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரிப்போர்ட் வந்ததும் பிளேட்லட், அல்பியூமின், பிலிரூபின், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆகிய நான்கு எண்களையும் ஸ்கானில் எழுதியிருப்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.